தட்டைக் கூரையில் சரளைக்கல் எதற்கு?

மேல்தளத்தான்:
அமெரிக்க அலுவலகக் கட்டடங்களின் தட்டைக் கூரைகளில் கிடக்கும் சரளைக்கல், கட்டுமானத்தில் மிஞ்சியதைக் கொட்டியதுதான் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு. தார் ஊறிய விரிப்புகளை மூன்று நான்கு அடுக்காக ஒட்டி, மேலே கொதிக்கும் தாரை ஊற்றி, அது ஆறுவதற்குள் கல்லைத் தூவுகிறார்கள். வெயில் நேரே பட்டால் தார் காய்ந்து, வற்றிய ஏரி மண்ணைப் போலப் பாளம் பாளமாக வெடித்துவிடும். கல் அதற்கு நிழலாகிறது, மேலே விழும் தீப்பொறியையும் தாங்குகிறது. ரப்பர் விரிப்பை ஒட்டாமல் வெறுமனே விரித்த கூரைகளிலோ கல்தான் பாரம்; சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ கல் இல்லாவிட்டால் காற்று விரிப்பைத் தூக்கிவிடும்.

ஹூஸ்டன்வாசி:
விரிப்பைக் காக்கும் கல், எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியை உடைத்தால் யார் பொறுப்பு? 1983 ஆகஸ்டில் அலிசியா புயல் வந்தபோது, ஹூஸ்டன் நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்களில் கண்ணாடிகள் நொறுங்கியதற்குக் கூரைகளிலிருந்து பறந்த சரளைக்கல் ஒரு முக்கியக் காரணம். சென்ற ஆண்டு நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் கூரைக்கு ஏறிப் பார்த்தேன்: மூலையில் ஒரு பாய் அகலத்துக்குக் கல்லே இல்லாமல் கறுப்பு விரிப்பு தெரிந்தது, அங்கிருந்த கல்லெல்லாம் சற்றுத் தள்ளிக் குவியலாகக் கிடந்தது. அது புயல்கூட அன்று, சாதாரணக் காற்று.

மேல்தளத்தான்:
நீங்கள் கண்டது உண்மை; ஆனால் அது கல்லின் குற்றமன்று, வடிவமைப்பின் குற்றம். காற்று மூலைக்குக் குறுக்காக அடிக்கும்போது அங்கே சுழல் உண்டாகி உறிஞ்சும் விசை மிகுவதால், மூலைகளில் கல்லுக்குப் பதில் கனமான சிமெண்டுப் பலகைகளைப் பதிப்பதும், 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள கல்லையே பாரமாக இடுவதும், கைப்பிடிச் சுவரை உயர்த்துவதும் வழக்கம்.

ஹூஸ்டன்வாசி:
வழக்கம் போதியிருந்தால் தடை எதற்கு வந்தது? அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, 2006ஆம் ஆண்டுப் பதிப்பில், சூறாவளி வரும் பகுதிகளில் கூரைமேல் சரளைக்கல்லே கூடாது என்றது.

மேல்தளத்தான்:
அதே தொகுப்பு 2021ஆம் ஆண்டுப் பதிப்பில், கல்லின் பருமன், கட்டடத்தின் உயரம், காற்றின் வேகம் ஆகியவற்றுக்கு ஏற்பக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்று அட்டவணையே போட்டுவிட்டது. நான் சொன்னதும் அதைத்தான்.

ஒழுகல்_பார்ப்பவன்:
இருவரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். கல் பரப்பிய கூரை ஒழுகினால் ஓட்டை எங்கே என்று தெரியாது. உள்ளே சொட்டும் இடத்துக்கும் மேலே கிழிந்த இடத்துக்கும் இடையில் பத்தடி இருக்கும். விளக்குமாறும் மண்வாரியுமாகக் கல்லை ஒதுக்கியே அரைநாள் போய்விடும். புளோரிடாவிலோ சிற்றாலாப் பறவைகள் கடற்கரை என்று எண்ணி இந்தக் கல்லின்மேல் முட்டையிடுகின்றன. குஞ்சு பறக்கும்வரை பழுது பார்க்கவும் ஏற முடியாது.

ஹூஸ்டன்வாசி:
அட்டவணையை ஏற்கிறேன். ஆனால் 2021க்கு முன் தாழ்ந்த சுவரோடு கட்டிய கூரைகளில் கல் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. என் அலுவலகக் கூரையும் அவற்றில் ஒன்று.