அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் ‘கிம்-குன்’ என்ன ஆகும்?

கருப்புவெள்ளை:
தென் கொரியாவின் குவாங்ஜு எழுச்சி பற்றி வந்த சுயாதீனப் படங்களில் காங் சாங்-வூவின் ஆவணப்படம் ‘கிம்-குன்’தான் உச்சம் என்று இங்கே ஆளுக்கு ஆள் சொல்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1980 மே மாதம், ராணுவ ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்த குவாங்ஜுவில் பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்த புகைப்படம். வண்டி மேல் எந்திரத் துப்பாக்கி, அதைப் பிடித்தபடி கேமராவை முறைக்கும் இளைஞன். முன்னாள் ராணுவ கர்னல் ஜி மன்-வொன் இவரை வட கொரியச் சிறப்புப் படை ஆள் என்றார், அப்படிப்பட்டவர்களுக்குத் தான் வைத்த ‘குவாங்சு’ என்ற பெயரில் ‘குவாங்சு 1’ என்று எண்ணும் போட்டார். அதை மறுக்கக் கிளம்புகிற படம், அவர் பாலத்தடியில் வாழ்ந்த, குப்பை பொறுக்கிப் பிழைத்த அநாதை இளைஞர், மே 24 அன்று நகரின் சொங்காம்-டொங் பகுதியில் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள் என்ற இடத்தில் போய் நிற்கிறது. 2022 மே மாதம் உண்மை கண்டறியும் ஆணையம் என்ன சொன்னது? புகைப்படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார், சொங்காம்-டொங்கில் செத்தவர் வேறொருவர் என்று. சாட்சிக் கூண்டில் ஏறிய படம் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டாமா? ஜேஜு தீவில் 1948-இல் நடந்த படுகொலை பற்றி ஓ மியல் எடுத்த கதைப்படம் ‘ஜிசுல்’ அந்தக் கூண்டில் ஏறவே இல்லை, அதனால்தான் இன்றும் நிற்கிறது.

தொகுப்புமேசை:
படம் அந்தப் பக்கம் சாயுது, ஒத்துக்கறேன். ஆனா தீர்ப்பு எழுதி முத்திரை குத்தலை. ஜி மன்-வொன், காங் ரெண்டு பேரோட வேலை முறையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஜி மன்-வொன் குவாங்ஜு படத்துல ஒரு முகம், வட கொரியாக்காரங்க படத்துல ஒரு முகம்னு எடுத்து கண்ணு, மூக்கு, வாய் ஓரத்துல புள்ளி வச்சு கோடு இழுப்பாரு. கோடு பொருந்திடுச்சுன்னா ஒரே ஆளு. இது எங்க உடையும்? கிட்டத்துல நின்னு எடுத்தா மூக்கு பெருசாகி காது சுருங்கும், தூரத்துல இருந்து டெலி லென்ஸ்ல எடுத்தா முகம் தட்டையாயிடும். தலை கொஞ்சம் சாஞ்சாலே அத்தனை கோடும் மாறும். மங்கலான பழைய படத்தை ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கினா கண்ணுக்கு ஓரமே கிடையாது, புள்ளி வைக்கிறவன் வச்ச இடம்தான் கண்ணு. இப்படி நூத்துக்கணக்கான பேருக்கு எண் போட்டாரு. அந்த மாதிரி அவதூறுக்குத்தான் 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ரெண்டு வருஷத் தண்டனையை உறுதி பண்ணுச்சு.

காங் முகத்தை விட்டுட்டு முகத்தைச் சுத்தி இருக்கறதைப் பார்க்கிறாரு. அதே வண்டி வேற படத்துல இருக்கா? அதே தொப்பி? பக்கத்துல உக்காந்தவன் யாரு, அவன் இப்ப எங்க? கண்டுபிடிச்சுப் போய்க் கேட்டா ஒருத்தர் “அவன்தான்”ங்கறாரு, இன்னொருத்தர் “இல்லவே இல்லை”ங்கறாரு. ரெண்டும் படத்துல அப்படியே இருக்கு. இன்னொண்ணு: படத்துல தேடற ஆள் நான்தான்னு அந்த மனுஷன் 2021-ல அந்த மே 18 எழுச்சியோட நினைவா இருக்கற 5·18 அறக்கட்டளைக்குச் சொன்னதாலதான் ஆணையத்தால அவரை உறுதி பண்ண முடிஞ்சது. படம் வரலைன்னா இன்னைக்கும் அவர் ‘குவாங்சு 1’தான்.

கருப்புவெள்ளை:
அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை முறை என்று சொல்லாதீர்கள். முரண்பட்ட வாக்குமூலங்களை வைத்தார், சரி. ஆனால் வரிசையைப் பாருங்கள். சொங்காம்-டொங் சாட்சியம் கடைசிப் பகுதியில் வருகிறது. முகங்களில் கேமரா நிற்கும் நேரம் நீள்கிறது, அரங்கமே அடங்கிப்போகிறது. எடிட்டிங்கில் கடைசியாக வைப்பதே தீர்ப்பு எழுதுவதுதான், உங்கள் பெயரை வைத்துக்கொண்டு உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பனைநிழல்:
இரண்டு பேரும் புகைப்படத்திலேயே நிற்கிறீர்கள். தலைப்பைக் கவனியுங்கள். ‘கிம்’ கொரியாவில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். ‘குன்’ இளைஞனைக் கூப்பிடும் ஒட்டு. நம் பேச்சில் ‘கிம் தம்பி’. முழுப் பெயர் படத்தில் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு பாலத்தடியில் இருந்தவர்களைக் காணவில்லை என்று படத்தில் பேசுபவர்கள் சொல்கிறார்கள். 1990 இழப்பீட்டுச் சட்டப்படி காணாமற்போனவர் என்று பதிவாக, குடும்பத்தார் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பமே இல்லாதவனுக்கு யார் மனுப் போடுவது? அரசுக் கணக்கு அவனைத் தொலைக்கவில்லை, முதலில் சேர்க்கவே இல்லை. புகைப்படத்து ஆள் வேறு என்று தெரிந்த பிறகும் இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லையே.

நள்ளிரவுக்காட்சி:
‘ஜிசுல்’ கூண்டில் ஏறவில்லை என்பதை ஏற்க முடியாது. 1948 அக்டோபரில் ஜேஜுவில் போட்ட உத்தரவு: கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால், தீவின் உட்பகுதியில் நடமாடுகிறவர் எல்லாம் கலகக்காரர். ஒரு ஊரே குகைக்குள் இறங்கியதற்குக் காரணம் அதுதான். குகையும் உண்மை, டொங்குவாங் கிராமத்துக் குகை. சிப்பாய்கள் வாசலுக்கு வந்ததும் உள்ளே இருப்பவர்கள் காய்ந்த மிளகாயைக் குவித்துத் தீ வைத்துப் புகையை வெளியே தள்ளுகிறார்கள். தாளிக்கும்போது ஒரு மிளகாய் கருகினாலே வீடு முழுக்க இருமுகிறோம், அதைக் குறுகலான குகைக்குள் நினைத்துப் பாருங்கள். நடந்த சம்பவம் அது.

என் குறை வேறு. ஓ மியல் அந்தப் புகையைக் கறுப்பு வெள்ளையில் அவ்வளவு அழகாக எடுத்துவிட்டார், நெடி போய்விட்டது. பனிக்காட்சிகளும் அப்படித்தான். பேனர் போட்ட மாதிரி ஒவ்வொரு ஃபிரேமும்.

கருப்புவெள்ளை:
அழகு அங்கே அலங்காரம் இல்லை ஐயா. படத்தின் நான்கு பகுதிகளுக்கும் மூதாதையர் சடங்கின் படிகள்தான் பெயர். கடைசிப் படி ‘சோஜி’, பெயர் எழுதிய தாளை எரிப்பது. இறுதியில் ஒவ்வொரு சடலத்தின் அருகிலும் அந்தத் தாள் எரிகிறது. திதி கொடுக்கிற இடத்தில் பந்தலைக் கோணலாகவா கட்டுவோம்? 2000-இல் சிறப்புச் சட்டம் வரும்வரை ஜேஜுவில் இதை வாய்விட்டுப் பேசவே பயந்தவர்கள் அவர்கள்.

நள்ளிரவுக்காட்சி:
சடங்கு வாதம் சரி, பாதி ஏற்கிறேன். ஆனால் சப்டைட்டிலில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராமத்தார் பேசும் ஜேஜு மொழி தலைநகரத்தானுக்கே புரியாது. கொரியத் திரையரங்குகளிலேயே பொதுக் கொரியத்தில் சப்டைட்டில் போட்டுத்தான் ஓட்டினார்கள். உருளைக்கிழங்கு பொதுக் கொரியத்தில் ‘கம்ஜா’, ஜேஜுவில் ‘ஜிசுல்’. அதே ‘கம்ஜா’வுக்கு நெருங்கிய சொல் ஜேஜுவில் சர்க்கரைவள்ளியைக் குறிக்கும். சிப்பாய் பேச்சுக்கும் கிராமத்துப் பேச்சுக்கும் இருக்கிற இந்த இடைவெளி வெளிநாட்டு சப்டைட்டிலில் மொத்தமாக அடைபட்டுப்போகிறது. இரண்டாவது முறை பார்க்கும்போது சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் காதை மட்டும் வையுங்கள்.

தொகுப்புமேசை:
சாட்சியா சடங்கான்னு பிரிச்சது யாரு? படம் எடுத்தவங்க இல்லை, தணிக்கை. 80-கள்ல ஜெர்மன் கேமராமேன் ஹின்ட்ஸ்பீட்டர் குவாங்ஜுவுல எடுத்த காட்சியை தேவாலயத்துலயும் கல்லூரியிலயும் ரகசியமா போட்டாங்க, அதுவும் கேசட்டுக்குக் கேசட் காப்பி எடுத்தது. ஒவ்வொரு காப்பிக்கும் நிறம் வழியும், ஓரம் கரையும். அஞ்சாறு கை மாறினா முகமே தெரியாது. 1989-ல ஜாங்சான்கொட்மேங்கற சுயாதீனப் படக் குழு குவாங்ஜு பத்தி 16 மி.மீ.ல ‘ஓ! கனவு தேசம்’ எடுத்துத் தணிக்கைக்கு அனுப்பாமலே திரையிட்டு வழக்கு வாங்குனாங்க. அந்தக் குழுவோட வழக்குகள்லதான் முன்தணிக்கை அரசியலமைப்புக்கு விரோதம்னு 1996 அக்டோபர் 4-ல தீர்ப்பு வந்துச்சு. காட்டறதே குத்தமா இருந்த காலத்துல காட்டினா போதும். இப்ப ‘இது பொய்’னு சொல்றவனுக்குப் பதில் சொல்லணும், அதான் காங் புகைப்படத்தைத் தோண்டறாரு.

கருப்புவெள்ளை:
அப்படியே வைத்துக்கொள்வோம். இனி ‘கிம்-குன்’ திரையிடும்போது 2022 அறிவிப்பைச் சொல்லும் அட்டை வேண்டுமா வேண்டாமா?

தொகுப்புமேசை:
வேணும். ஆனா தொடக்கத்துல போட்டா தேடலே செத்துடும். கடைசியில, கறுப்புத் திரையில ரெண்டு வரி. புகைப்படத்துல இருக்கறவர் உயிரோட இருக்காரு. சொங்காம்-டொங்ல செத்தவர் வேறொருத்தர்.

பனைநிழல்:
இரண்டாவது வரியை முதலில் போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.