வீட்டில் செய்த ஹீட் பம்ப்: கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறது, உதவி தேவை

மலைவாசி (கோத்தகிரி):
வணக்கம். பழைய ஒரு டன் ஜன்னல் ஏசியைப் பிரித்து வெந்நீருக்கு ஹீட் பம்ப் (வெளியிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் அமைப்பு) செய்திருக்கிறேன். ஆர்-22 கேஸ், ரோட்டரி கம்ப்ரசர், கேபிலரி (கேஸின் பிரஷரைக் குறைக்கும் மெல்லிய குழாய்), 100 லிட்டர் தொட்டி. சூட்டைப் பார்த்து ஆன்-ஆஃப் செய்யும் எஸ்டிசி-1000 கன்ட்ரோலரில் 48 டிகிரி வைத்திருக்கிறேன். தண்ணீர் நன்றாகவே சூடாகிறது. ஆனால் 48-ஐத் தொட்டு நின்றதும், ஒரு நிமிடத்துக்குள் திரும்பக் கிளம்பப் பார்த்து, உறுமி, ஓவர்லோடில் (மோட்டாரைக் காக்கும் கட்-ஆஃப்) விழுகிறது. கன்ட்ரோலரில் டிலே (நின்றபின் திரும்பக் கிளம்பும்வரை காத்திருக்கும் நேரம்) 3 நிமிடம் வைத்தும் பலனில்லை. வேகத்தைக் குறைக்கலாமென்று 2000 வாட் டிம்மர் போட்டேன். உறுமல் கூடியது, கழற்றிவிட்டேன்.

ஏசி மெக்கானிக் (ஈரோடு):
தம்பி, அந்த டிம்மரை இனிமே தொடாதீங்க. இது ரன் கெபாசிட்டர் வச்ச சிங்கிள் ஃபேஸ் மோட்டார். வோல்டேஜைக் குறைச்சா வேகம் பெருசா குறையாது, இழுவைதான் போகும். காயில் சூடேறிக் கருகிடும். விஎஃப்டி (கரண்டோட அதிர்வெண்ணை மாத்தி மோட்டார் வேகத்தை மாத்துற கருவி) வச்சு வேகத்தை மாத்தணும்னா த்ரீ ஃபேஸ் கம்ப்ரசர் வேணும். உறுமுறதுக்குக் காரணம் பிரஷர். நின்ன பிறகு ரெண்டு பக்கமும் கேபிலரி வழியா சமமாக 3 நிமிஷமாவது விடணும். சென்சார் எங்க கட்டியிருக்கீங்க? கம்ப்ரசர் கன்ட்ரோலரோட எந்த ரிலேல (உள்ளே இருக்கிற சுவிட்ச்), சூடாக்குறதுலயா, குளிரூட்டுறதுலயா?

மலைவாசி:
சென்சார் கண்டென்சரிலிருந்து (கேஸ் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கும் பகுதி) வெளிவரும் தண்ணீர்க் குழாயில் இருக்கிறது அண்ணா. கம்ப்ரசர், சூடாக்கும் ரிலேயிலிருந்து கான்டாக்டருக்கு (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) போய் ஓடுகிறது. வித்தியாசம் (48-லிருந்து எத்தனை டிகிரி இறங்கினால் திரும்ப ஓடும் என்பது) 0.5, வாங்கியபடியே.

சர்க்யூட் பிரியன் (மதுரை):
மூன்றுமே சிக்கல்தான். எஸ்டிசி-1000-இல் அந்த டிலே குளிரூட்டும் ரிலேக்கு மட்டும். சூடாக்கும் ரிலேக்குக் கிடையாது. பலர் ஏமாறும் இடம் இது. கான்டாக்டர் காயில் லைனில் தனியாக ஒரு ஆன்-டிலே டைமர் (கரண்ட் வந்து குறித்த நேரம் கழித்தே ஆன் ஆவது) போட்டு 5 நிமிடம் வையுங்கள். கரண்ட் போய் வந்தாலும் அது காப்பாற்றும். சென்சாரைத் தொட்டியின் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். குழாய் சட்டென ஆறும், தொட்டி ஆறாது. வித்தியாசத்தை 5 ஆக்குங்கள். சுமார் 4 கிலோவாட் சூடு இறங்கினால் 100 லிட்டர் 5 டிகிரி ஏற 9 நிமிடம் பிடிக்கும். 0.5-க்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் கேஸோடு வெளியே போன ஆயில்கூட கம்ப்ரசருக்கு ஒழுங்காகத் திரும்பியிருக்காது.

ஏசி மெக்கானிக் (ஈரோடு):
ஹை பிரஷர் கட்-அவுட் (பிரஷர் எல்லை மீறினா கம்ப்ரசரை நிறுத்துற சுவிட்ச்) இல்லேன்னா அதை முதல்ல போடுங்க. தண்ணி பம்ப் நின்னு போனா பிரஷர் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது.

மலைவாசி:
டைமர், சென்சார், வித்தியாசம் மூன்றும் மாற்றியாயிற்று. காலையிலிருந்து ஒருமுறைகூட ஓவர்லோடு விழவில்லை. கட்-அவுட் இன்னும் வாங்கவில்லை. வரும்வரை ஓடும்போது பக்கத்திலேயே இருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி அண்ணா.