புதுப்பிப்பு: டிக்கா டி3எக்ஸ் ட்ரிகர் இழுவை

என் டிக்கா டி3எக்ஸ் வேட்டைத் துப்பாக்கியின் ட்ரிகர் இழுக்கக் கனமாக இருக்கிறது, சுடும் கணத்தில் குழல் வலப்பக்கம் ஓடுகிறது, ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றத் தேவைப்படவில்லை. டிக்காவில் ஒரே ஒரு திருகுதான். ஆலன் சாவியால் (அறுகோணச் சாவி) அதைத் திருகி, ட்ரிகரை இழுக்கத் தேவையான விசையை 1 முதல் 2 கிலோவுக்குள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இழுவை அளவியில் பார்த்தால் 2 கிலோவை ஒட்டி இருந்தது. இப்போது 1.4 கிலோ.

ஒரு கிலோவுக்கே இறக்கச் சொன்னார்கள் சிலர். மேசையில் தாங்கிவைத்துக் குறி சுடுபவருக்கு அது சரி. இங்கே ஃபின்லாந்தில் அக்டோபர் குளிரில் கையுறையோடு மூஸ் என்ற பெரிய மானுக்குக் காத்து நிற்பவனுக்கு விரல் பட்டதும் வெடிக்கிற ட்ரிகர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் சோதனை. தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தண்டு) வேகமாக அடித்து மூடினேன். துப்பாக்கிக் கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டினேன். சேஃப்டி போட்டு ட்ரிகரை இழுத்து, விரலை எடுத்தபின் சேஃப்டியை விடுவித்தேன். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி எந்தச் சோதனையிலும் விழவில்லை. இதை யாரும் தவிர்க்காதீர்கள். 2014-இல் ரெமிங்டன் நிறுவனம் தன் ‘மாடல் 700’ வகைத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது, ட்ரிகர் பூட்டும்போது ஒட்டுப்பசை கூடிப்போனதற்காகத்தான்.

குழல் ஓடுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. மீதியைத் தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகித்தான் சரிசெய்ய வேண்டும்.