கரண்டு பஸ்ஸுல போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பீளமேட்டுக்காரன்: சொந்தக்காரங்க விசேசத்துக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டுச் சென்னை போயிருந்தேனுங்க. 2025 ஜூன் கடைசியில வியாசர்பாடி டிப்போவுல 120 கரண்டு பஸ் விட்டாங்கள்ல, அதுல ஒண்ணுல ஏறினோம். அம்மாவுக்கு முட்டிவலி. காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறோணும்னா நான் பின்னாடி நின்னு தூக்கிவிடோணும். இதுல வாசப்படி தாண்டுற மாதிரி ஒரே எட்டு, உள்ள போயிட்டாங்க. சிக்னல்ல வண்டி நின்னுச்சு. சத்தமுமில்லை, ஆட்டமுமில்லை. "ஏங்கண்ணு, ஆஃப் ஆயிப்போச்சா? எறங்கித் தள்ளோணுமா?"ன்னு கேட்டுப்போட்டாங்க. பஸ்ஸே சிரிச்சுது. நம்மூருக்கு இது எப்ப வரும்னு ரயில்ல ஈரோடு வர்ற வரைக்கும் அதே பேச்சு.

வால்பாறை டீக்கடை: மலை ஏறுமான்னுதான் இங்க எல்லாரும் கேக்கறாங்க. பஸ் தெரியாது, மச்சானோட கரண்டு கார்ல போன கதையைச் சொல்றேன். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது சார்ஜ் மளமளன்னு எறங்குது, அட்டகட்டி வர்றதுக்குள்ள எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. திரும்பி எறங்கறப்பப் பாருங்க, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா மோட்டாரே டைனமோ மாதிரி பேட்டரிக்குக் கரண்டு குடுக்குது. ஆழியாறு வந்தப்ப 2 சதவீதம் கூடியிருந்துச்சு! பிரேக் தீயற வாசம் துளிகூட இல்லை. அம்பது பேரை ஏத்திக்கிட்டு எப்படின்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

ஈரோடு, ரிட்டையர்டு கண்டக்டர்: வண்டி நல்லதுங்க, அதுல சண்டையில்லை. இன்ஜின் சூட்டுலயும் புகையிலயும் 28 வருசம் நின்னவன் நான். ஆனா சென்னையில வண்டியும் டிரைவரும் தனியார் கம்பெனிது, கண்டக்டர் மட்டும் கவர்மெண்ட் போக்குவரத்துக் கார்ப்பரேஷன் ஆளு. கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்குக் காசு போகுது. இங்கயும் அப்படியே வந்தா, என்ற பையன் ஹெவி லைசென்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டுக் காத்துட்டு இருக்கானே, அவனுக்குக் கவர்மெண்ட் டிரைவர் வேலை எங்கிருந்துங்க வரும்? கேட்டா, பெருசு டீசல் காலத்து ஆளுங்கறாங்க.

உடுமலை அம்மிணி: ஆடி மாசம் எங்க தோட்டத்துப் பக்கம் காத்தாலை சுத்தற சத்தத்துல தூக்கமே வராது. அந்தக் கரண்டு எந்தூருக்கோ போகுது. தோட்டத்து முன்னாடி வர்ற எட்டு மணி பஸ்ஸு இன்னும் கரும்புகைதான், அதுவும் வந்தாத்தானுங்க. நேத்து வரவே இல்லை. மூணு பேரு ஒரே ஸ்கூட்டர்ல காலேஜ் போனோம். அது கரண்டு ஸ்கூட்டருங்கோ.