2004-05 லண்டன் நைட்ஸின் சாதனைக்குக் கதவடைப்புதான் காரணமா?

கடைசி வரிசை:
கனடாவின் ஜூனியர் (இளையோர்) பனி ஹாக்கி லீகுகளில் ஒன்றான ஒன்டாரியோ ஹாக்கி லீகின் 2004-05 சீசனைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. அங்கே லண்டன் என்ற கனடிய நகரின் நைட்ஸ் அணி அந்த ஆண்டு 68 ஆட்டங்களில் 59 வென்று, ஏழில் மட்டும் தோற்று, இரண்டைச் சமன் செய்து 120 புள்ளிகள் குவித்தது. சீசனின் முதல் 31 ஆட்டங்களில் அது தோல்வியே காணவில்லை. ஆனால் அதே ஆண்டில்தான் வீரர்களுடனான ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் செய்த கதவடைப்பால், வட அமெரிக்காவின் தலைமைத் தொழில்முறை லீகான என்.எச்.எல். ஆட்டங்கள் ஒன்றுகூட நடைபெறவில்லை. மேலே போயிருக்க வேண்டிய இளைஞர்கள் ஜூனியர் அணிகளிலேயே தங்கிவிட்டதால் கிடைத்த வெற்றி இது என்று என் நண்பர் சாதிக்கிறார். அவர் சொல்வது சரியா?

பனித்திடல்:
பாதி சரி. என்.எச்.எல். அணி தேர்ந்தெடுத்த ஜூனியர் வீரருக்கு இருபது வயது ஆகவில்லை என்றால், அவர் என்.எச்.எல்.லில் ஆட வேண்டும் அல்லது ஜூனியர் அணிக்கே திரும்ப வேண்டும் என்பது அன்றைய விதி. இடைநிலைத் தொழில்முறை லீகுக்கு அவரை அனுப்ப முடியாது. எனவே கதவு அடைபட்டபோது லண்டனின் கோரி பெரி போன்ற பத்தொன்பது வயதுக்காரர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர் 60 ஆட்டங்களில் 47 கோல்களும் 83 கோல் உதவிகளுமாக 130 புள்ளிகள் எடுத்தார். ஆனால் உங்கள் நண்பர் ஒன்றை மறக்கிறார்: கிச்சனர் அணியில் மைக் ரிச்சர்ட்ஸும், சூ செயின்ட் மரி அணியில் ஜெஃப் கார்ட்டரும் அதே காரணத்தால்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கதவடைப்பு எதிரணிகளையும் வலுப்படுத்தியது.

பழைய பக்:
காரணத்தை 2004இல் தேடுவதைவிட அதற்கு முன்பு தேடுவது நல்லது. இதே அணி 1995-96இல் 66 ஆட்டங்களில் மூன்றே மூன்றில்தான் வென்றது. (அந்தக் குளிர்காலத்திலும் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.) 2000இல் டேல் ஹன்டரும் மார்க் ஹன்டரும் அணியை வாங்கினார்கள், டேல் பின்னர் பயிற்சியாளரானார், 2002இல் நகர மையத்தில் புதிய அரங்கம் திறந்தது. பெரியை 2001இலேயே எடுத்துவிட்டார்கள். ஜூனியர் அணி என்பது நெல்வயல் போன்றது. விதைத்த பயிர் ஒரே நேரத்தில் முற்றினால்தான் அறுவடை, அடுத்த ஆண்டு மீண்டும் நாற்றங்கால்தான். கனடிய ஜூனியர் அணிகளின் உச்சப் போட்டியான மெமோரியல் கோப்பையை 2005இல் நடத்தும் உரிமையும் லண்டனுக்குக் கிடைத்திருந்ததால், முற்றிய ஆண்டில் குறை எதுவும் இருக்கக் கூடாது என்பதில் நிர்வாகம் உறுதியாக இருந்தது. குவெல்ஃப் அணியிலிருந்து கோல் கீப்பர் ஆடம் டென்னிஸைக் கொண்டுவந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பனித்திடல்:
அந்த டென்னிஸ்தான் மே 29 அன்று மெமோரியல் கோப்பை இறுதியாட்டத்தில் ரிமூஸ்கி அணிக்கு ஒரு கோலும் விடவில்லை, முடிவு 4-0. ரிமூஸ்கிக்காக ஆடியவர் அந்தச் சீசனின் 62 ஆட்டங்களில் 168 புள்ளிகள் எடுத்திருந்த சிட்னி கிராஸ்பி. அவருக்கு வயது பதினேழுதான். கதவடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் ஜூனியரில்தான் ஆடியிருப்பார்.

கடைசி வரிசை:
நன்றி. அப்படியானால் என்.எச்.எல். திரும்பிய அடுத்த சீசனில் லண்டன் சரிந்ததா?

பழைய பக்:
பெரி என்.எச்.எல். அணியான அனாஹைமுக்குப் போய்விட்டார். ஆயினும் 2005-06இல் அவர்கள் 102 புள்ளிகளுடன் லீகின் இறுதித் தொடர் வரை வந்தார்கள். அங்கே பீட்டர்பரோவிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள்.