விளக்கு எரியுது, கேம் மட்டும் அசையவில்லை: உங்கள் கன்ட்ரோலர் கதைகள்

கம்ப்யூட்டரில் கன்ட்ரோலரை மாட்டி மண்டை காய்ந்த கதை ஒன்றாவது எல்லோரிடமும் இருக்கும். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன், அதற்குப் பின் வருபவை நீங்கள் ஒவ்வொருவரும் சொன்னவை.

டிராயரில் கிடந்த பழைய கன்ட்ரோலர். யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் விளக்கு எரிந்தது. கேமில் ஓர் அசைவும் இல்லை. டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். விண்டோஸ் அப்டேட்டை முடித்தேன். கேமையே அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினேன். இரண்டு மாலைகள் போயின. அப்புறம்தான் உறைத்தது: எதையாவது செருகினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது ஒரு தடவைகூட வரவில்லை. இப்படி ஒன்று மாட்டியிருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது! அந்தக் கேபிள் ஏதோ ஒரு ஸ்பீக்கரோடு வந்தது, சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனது. மின்சாரம் போகும் கம்பிகள் உள்ளே இருக்கும், தகவல் போகும் கம்பிகள் இருக்காது. போனிலிருந்து போட்டோ எடுக்கப் பயன்படுத்தும் கேபிளை மாட்டினேன், உடனே ‘டிங்’.

இப்போதெல்லாம் கேமைத் திறப்பதற்கு முன்பே விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று தட்டிவிடுகிறேன். வரும் பட்டியலில் கன்ட்ரோலரின் பெயர் இருந்து, ப்ராப்பர்ட்டீஸில் பட்டனுக்கு ஏற்றபடி சிவப்புப் புள்ளி எரிந்தால் கேபிளும் டிரைவரும் சரி. அதற்குப் பிறகு கேமைச் சந்தேகப்படலாம்.

* * *

நீங்கள் சொன்ன அதே ஜாய்.சிபிஎல்தான் என்னை ஏமாற்றியது. பழைய கார் பந்தய கேம் ஒன்று. ஆக்சிலரேட்டர் ட்ரிகரை (கன்ட்ரோலரின் முன்பக்கம் விரலால் இழுக்கும் பட்டன்) விடாமலே பிரேக்கை லேசாகத் தொட்டு வளைவில் திருப்புவது என் பழக்கம். இதில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கார் எதையும் கண்டுகொள்ளாமல் உருண்டுகொண்டே போனது. ஜாய்.சிபிஎல்லில் பார்த்தேன். ஒரு ட்ரிகரை அழுத்தினால் கோடு ஒரு பக்கம் நகர்கிறது, இரண்டையும் அழுத்தினால் நடுவில் நின்றுவிடுகிறது. ட்ரிகர் போச்சு என்று முடிவுகட்டி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன்.

நல்லவேளை, திறப்பதற்கு முன் கொஞ்சம் படித்தேன். விண்டோஸில் கேம் கன்ட்ரோலரோடு பேச முக்கியமாக இரண்டு வழிகள். பழையது டைரக்ட்இன்புட். எக்ஸ்பாக்ஸ் 360 வெளிவந்த 2005 வாக்கில் வந்தது எக்ஸ்இன்புட். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைப் பழைய வழியில் பார்த்தால் இரண்டு ட்ரிகரும் ஒரே அச்சாகத் தெரியும். ஒன்று கூட்டும், மற்றது கழிக்கும், இரண்டையும் அழுத்தினால் பூஜ்யம். என் கேமும் ஜாய்.சிபிஎல்லும் அந்தப் பழைய வழியில்தான் பார்க்கின்றன. பிரேக்கை ஒரு பட்டனுக்கு மாற்றிக்கொண்டேன். மெல்ல மெல்ல அழுத்தும் நயம் போய்விட்டது, என்ன செய்ய.

இதன் மறுபக்கமும் உண்டு. புதிய கேம்கள் பல எக்ஸ்இன்புட்டை மட்டும்தான் தேடும். கன்ட்ரோலரின் முதுகில் எக்ஸ், டி என்று சின்ன சுவிட்ச் இருந்தால் எக்ஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

* * *

என் கதையில் குற்றவாளி நானேதான். பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 வைத்திருக்கிறேன். அதை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்போலக் காட்ட டிஎஸ்4விண்டோஸ் என்ற மென்பொருளைப் போட்டிருந்தேன். பின்னொரு நாள், கேம்கள் வாங்கி ஆடும் ஸ்டீம் செயலியின் செட்டிங்ஸிலும் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கான வசதியை ஆன் செய்து, மறந்தும்விட்டேன். மெனுவில் கீழே ஒரு தட்டு தட்டினால் இரண்டு வரி தாண்டும். குதி என்றால் இரட்டைக் குதி. கையில் இருப்பது ஒரு கன்ட்ரோலர், கேம் பார்ப்பதோ நிஜம் ஒன்று, நிழல் ஒன்று. இரண்டு வசதிகளில் ஒன்றை அணைத்ததும் அடங்கியது. டிஎஸ்4விண்டோஸ் மட்டும் போதும் என்பவர்கள் ஹிட்ஹைட் (HidHide) என்ற கருவியால் நிஜக் கன்ட்ரோலரை கேமின் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம்.

* * *

புளூடூத்காரன் நான். ஸ்டிக்கை விட்ட பிறகும் ஆள் அரை நொடி நடந்துகொண்டே இருப்பான், பள்ளத்தில் விழுவான். கம்ப்யூட்டரில் செருகியிருந்த புளூடூத் டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையிலேயே யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்ததுதான் காரணம். யுஎஸ்பி 3 இணைப்பிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும், புளூடூத்தும் அங்கேதான் ஓடுகிறது. ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்தேன். ஆள் இப்போது விழுவது என் தப்பால் மட்டும்.

* * *

எனக்கு கேமரா தானாகவே வானத்தைப் பார்க்கும். தொடாமலே ஸ்டிக் நகர்ந்ததாகக் காட்டும் ஸ்டிக் டிரிஃப்ட்தான், சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். ஸ்டிக்கின் சின்ன அசைவுகளைக் கேம் கண்டுகொள்ளாமல் விடும் அளவான டெட்சோனை ஏற்றினேன், ஒன்றும் மாறவில்லை. இன்னும் ஏற்றினேன், அப்போதும் வானம்தான். கன்ட்ரோலர் பழசு, ஸ்டிக்கின் நிலையை அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கும் என்று தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வைத்த புதுசு ஒன்று வாங்கினேன், அதில் தேய்மானப் பேச்சே இல்லை என்ற தைரியத்தில். மாட்டினேன். கேமரா வானத்தைப் பார்த்தது.

மேசைக்குக் கீழே குனிந்தால், விமான கேமுக்காக எப்போதோ மாட்டிய பெடல். காலிப்ரேட் செய்யாமல் பாதி அமுங்கிய கணக்கில் ஏதோ ஒரு மதிப்பை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது, கேம் அதை வலது ஸ்டிக் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பிடுங்கினேன், கேமரா நிமிர்ந்து நின்றது. பழைய கன்ட்ரோலர் அருமையாக வேலை செய்வதாகத் தம்பி சொல்கிறான். காரணத்தை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.