கன்சோலா, கணினியா: நம் வீடுகளில் எது கட்டுப்படியானது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து:

கடை விலையை மட்டும் பார்த்து இதற்குத் தீர்ப்புச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. டிவியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 5 கன்சோல், 2020 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடலின் விலை 11,999 ராண்டு. சிப் தட்டுப்பாடு நிலவிய அந்த நாட்களில் கணினியில் ஆட்டத்தின் படங்களை உருவாக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கே அவ்வளவு கேட்டார்கள். வாங்கும் நாளில் கன்சோல்தான் மலிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செலவு அன்றோடு முடிவதில்லையே.

புதிய விளையாட்டு ஒன்று ஆயிரம் ராண்டைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் டிஸ்க் மாடலையே வாங்கச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு டிஸ்க் என் தங்கை பிள்ளைகளிடமிருந்து பெரியம்மா வீட்டுக்குப் போகும், பிறகு ஃபீனிக்ஸில் மாமா வீட்டுக்கு. எல்லோரும் ஆடி முடித்ததும் பழைய டிஸ்க் வாங்கும் கடையில் கொஞ்சம் பணமாகத் திரும்பும். இன்னொரு கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் விலை குறைவுதான், ஆனால் அதில் டிஸ்க் போட வழியில்லை. நாலு வீடு சேர்ந்து ஆடும் குடும்பத்துக்கு அது நட்டம்.

2022, 2023 மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, கன்சோலை ஓய்வு நிலையில் விட்டுப் போவான் மூத்தவன். மின்சாரம் போய் வந்தால் அந்த ஆட்டம் அப்படியே இருக்காது, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு சக்கரம் வைத்த சிறிய இன்வெர்ட்டர் வாங்கினோம். கன்சோல் சுமார் 200 வாட், டிவி இன்னொரு 100 வாட். இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு 600 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், பாதி என்பதே 600தான். ஆகவே விளக்கு எரிய வேண்டுமா, பிள்ளைகள் ஆட வேண்டுமா என்று ஒவ்வொரு மாலையும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவை யாரும் விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை.

டர்பனுக்கு வடக்கே டொங்காட்டிலிருந்து:

அண்ணா, டிஸ்க் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்கே மாறிவிடும். எனக்குப் பாடத்துக்கு எப்படியும் ஒரு கணினி வேண்டும், அதில் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்ததுதான் விளையாட்டுக்கான கூடுதல் செலவு. அந்தக் கார்டு 115 வாட்டுக்குள் அடங்கிவிடும். 8 ஜிபி நினைவகம்தான் அதன் குறை, சில புதிய ஆட்டங்களில் படத்தரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். கணினியில் இணையத்தில் நண்பர்களோடு ஆடுவதற்கு மாதச் சந்தா கிடையாது. கன்சோலில் இலவச ஆட்டங்கள் தவிர மற்றவற்றுக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும். எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடை 2018 டிசம்பரிலிருந்து இலவசமாக ஆட்டங்கள் தந்துவருகிறது, என் சேகரிப்பில் பாதி அப்படி வந்ததுதான்.

ஒரு மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய நொடியில் என் கணினிக்குள் மின்சாரம் தரும் பவர் சப்ளை புகைந்துபோனது. கணினியைக் கட்டித் தந்த கடைக்காரர் மட்டமானதைப் பொருத்தியிருந்தார். அதை மட்டும் கழற்றி வேறொன்றை நானே மாட்டினேன், மற்ற எதற்கும் சேதமில்லை. கன்சோலாக இருந்திருந்தால் பெட்டியையே பழுதுபார்க்க அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தயவுசெய்து பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்!

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து:

தங்கச்சி சொல்வதை ஏற்கிறேன், ஆனால் புதிதாகக் கணினி கட்ட நினைப்பவர்கள் முதலில் ரேம் எனும் நினைவகத்தின் விலையை விசாரியுங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியில் விலை ஏறிவிட்டது. நான் அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினி ஒன்றை வாங்கி, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போட்டேன். 70 வாட் கார்டு, தனி மின்கம்பி வேண்டாம், பழைய பவர் சப்ளையே தாங்குகிறது. வாங்குமுன் கணினிப் பெட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள், ஒல்லியான பெட்டிக்குள் குட்டை கார்டுதான் நுழையும்.